யார் கொடுக்கலாம், யார் பொறுக்க வேண்டும்?

இயல் 3

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. ஆனாலும், ரத்த வங்கி வாசலில் நம் மாவட்டத்துக்காரர் நின்றால் கேட்பது ஒரே கேள்விதான்: “எனக்க பிளட் எடுப்பினுமா சாரே?”

கேட்பவர் பெரும்பாலும் யாருக்காகவோ ஓடி வந்தவராக இருப்பார். கையில் டாக்டர் எழுதிய சீட்டு, உள்ளே வார்டில் ஒரு ஆள். அந்த அவசரத்தில் “ஒங்களுக்கு எடுக்க முடியாது” என்ற பதில் வந்தால் முகம் செத்துப்போகும். எதற்காக முடியாது, என்றைக்கு முடியும் என்று கேட்டுக்கொள்ளத் தோன்றாது. அத்தோடு அந்த ஆள் கொடையாளர் பட்டியலிலிருந்து விழுந்துபோகிறார். பலர் பத்து வருஷம் கழித்தும், “என் ரத்தம் சரியில்லன்னு சொல்லிட்டாங்க” என்பார்கள். அன்றைக்கு அவருக்கு இருந்தது வெறும் ஜலதோஷமாக இருந்திருக்கும்.

“எடுக்க முடியாது” என்பதில் மூன்று வகை உண்டு: இன்றைக்கு வேண்டாம், சில மாதம் போகட்டும், எப்போதும் வேண்டாம். திருப்பி அனுப்பப்படுகிறவர்களில் பலர் முதல் இரண்டு வகைக்காரர்கள். அவர்கள் ஒரு தேதியோடு வீடு திரும்ப வேண்டும் என்பதற்காகத்தான் இந்த இயல்.

அடிப்படைக் கணக்கு

இந்தியா முழுவதற்கும் விதி ஒன்றுதான். மருந்து, அழகுசாதனப் பொருட்கள் விதிகளில் 2020-இல் செய்த திருத்தமும், அதற்கு முன்பு 2017-இல் வந்த நெறிமுறையும் சொல்வது இது. (அந்தத் திருத்தத்துக்குப் பிறகு ரத்த வங்கிக்கு அரசுப் பெயர் ‘ரத்த மையம்’. நாம் பழைய பெயரிலேயே சொல்வோம்.)

- வயது: 18 முதல் 65 வரை. முதல் தடவை கொடுப்பவருக்கு 60-க்கு மேல் அனுமதி இல்லை.
- எடை: 45 கிலோ இருந்தால் 350 மில்லி எடுப்பார்கள். 55 கிலோவுக்கு மேல் என்றால் 450 மில்லி வரை எடுக்கலாம்.
- ஹீமோகுளோபின்: ஆண், பெண் இருவருக்கும் குறைந்தது 12.5 கிராம்.
- ரத்த அழுத்தம்: மேல் அளவு 100 – 140, கீழ் அளவு 60 – 90.
- நாடித்துடிப்பு: நிமிடத்துக்கு 60 – 100, தப்பாத சீரில்.
- இடைவெளி: ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள்.

எடைக்கு ஏன் இத்தனை கறார்? உடம்பில் கிலோவுக்கு ஏறக்குறைய 70 மில்லி ரத்தம் ஓடுகிறது. 45 கிலோ ஆளிடம் சுமார் மூன்று லிட்டர். அதில் 350 மில்லி என்பது ஒன்பதில் ஒரு பங்கு, உடம்பு தாங்கும். 40 கிலோ ஆளிடம் அதே அளவை எடுத்தால் மயக்கம் வரக்கூடும். கல்லூரி முகாம்களில் “ஒரு கிலோதான் கொறையுது, எடுங்க மேடம்” என்று கெஞ்சும் பிள்ளைகள் உண்டு. இரங்கி எடுக்கும் மருத்துவரைவிட, மறுக்கும் மருத்துவர்தான் உங்கள் பக்கம் நிற்கிறார்.

நீலத் திரவத்தில் ஒரு துளி

முகாமில் முதல் மேசையில் எடை மெஷின் இருக்கும். அடுத்த மேசையில், சில இடங்களில், கண்ணைப் பறிக்கும் நீல நிறத்தில் ஒரு திரவம் இருக்கும். அது மயில்துத்தக் கரைசல். விரல் நுனியில் ஊசியால் ஒரு குத்து. வரும் துளியைச் சிறு குழாயில் எடுத்து, கரைசலுக்குச் சற்று மேலிருந்து விடுவார்கள்.

துளி ஒரு சிவப்பு மணியாகத் திரண்டு, நேராக அடிக்குப் போனால் ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையவில்லை என்று பொருள். நடுவில் தயங்கி நின்றாலோ மேலே ஏறினாலோ போதாது. ஹீமோகுளோபின் கூடக்கூட ரத்தத்தின் கனம் கூடும். கரைசலின் அடர்த்தியை 12.5-க்கு ஒத்துவரும்படி 1.053-ஆக வைத்திருப்பார்கள். இவ்வளவுதான் சூட்சுமம். இப்போது பல இடங்களில் இதற்குப் பதில் எண்ணைக் காட்டும் சிறு கருவி வந்துவிட்டது. எண் தெரிந்தால் நல்லது, கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெண்களில் பலர் திரும்புவது இந்த மேசையிலிருந்துதான். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் ரத்தசோகை என்று கண்டார்கள். ஆகவே திரும்ப நேர்ந்தால் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் அதை ஓர் இலவசச் செய்தியாக எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிடைக்கும்.

சாப்பாட்டில் என்ன செய்யலாம்? மரச்சீனிக் கிழங்கு வயிற்றை நிரப்பும், இரும்பைத் தராது. அதோடு நாம் கூட்டிக்கொள்கிற சாளையும் நெத்திலியும்தான் தரும். மீன் சாப்பிடாத வீடுகளில் முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு. கூடவே நெல்லிக்காயோ கொய்யாவோ சாப்பிட்டால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு சாயா குடித்தால் சேர்வது குறையும்; ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

பால்வெட்டு, பனையேற்றம், கடல்

குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் முகாம் போட்டால் இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

“ராத்திரி எப்பம் எந்திச்சீங்க அண்ணே?”

“ரெண்டு மணிக்கு எந்திச்சேன் சாரே. முந்நூறு மரம் வெட்டிட்டு, பாலும் எடுத்து வச்சிட்டுத்தான் வாறேன்.”

“அப்பம் இண்ணைக்கு வேண்டாம். ஞாயிறாழ்ச்ச வெட்டு உண்டா?”

“இல்ல.”

“அண்ணைக்கு நல்லா ஒறங்கி, காப்பி குடிச்சிட்டு வாங்க. எடுத்துக்கிடலாம்.”

ஆள் திடகாத்திரமாகத்தான் இருப்பார். குறை உடம்பில் இல்லை, உறக்கத்தில். இரவுப்பணி பார்த்துவிட்டுப் போதிய தூக்கம் இல்லாமல் வருகிறவரிடம் ரத்தம் எடுக்கக் கூடாது என்பது விதி. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டுகிறவர், ராத்திரி டூட்டி நர்ஸ், செக்யூரிட்டி எல்லாரும் இதில் அடக்கம்.

அடுத்த விதி, கொடுத்த பிறகு என்ன வேலைக்குப் போகிறீர்கள் என்பதைப் பற்றியது. நெடுந்தூர வண்டி ஓட்டுகிறவர், உயரத்திலோ நீருக்கடியிலோ வேலை செய்கிறவர், அவசரப் பணியாளர், கடும் உடலுழைப்பு உள்ளவர் ஆகியோர் ரத்தம் கொடுத்த பின் அடுத்த பணிக்கு முன் 24 மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். நம் ஊருக்கு இதைப் பெயர்த்துச் சொன்னால்: காலையில் கொடுத்துவிட்டு மாலையில் அக்கானி இறக்கப் பனையேறக் கூடாது. தென்னைக்கும் அதே கணக்கு. குளச்சலிலோ தூத்தூரிலோ இன்றிரவு தொழிலுக்குக் கிளம்புகிறவர் இன்று பகலில் கொடுக்கக் கூடாது. ஆழ்கடலில் தலை சுற்றினால் பிடிக்க ஆள் உண்டு, படுக்க வைத்துப் பார்க்க ஆஸ்பத்திரி இல்லை. கரைக்கு வந்து ஓய்வெடுக்கும் நாளில் கொடுங்கள். களியக்காவிளை வழி லாரி ஓட்டுகிறவர் மறுநாள் வண்டி எடுக்கத் தேவையில்லாத நாளைத் தேர்ந்தெடுக்கட்டும்.

இன்றைக்கு வேண்டாம்

- வெறும் வயிறு. கடைசியாகச் சாப்பிட்டு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது.
- விரத நாள். தவக்காலத்து ஒருசந்தி, ரமலான் நோன்பு, சஷ்டி எதுவானாலும் பட்டினி என்றால் அன்று வேண்டாம். சபரிமலைக்கு மாலை போட்டிருப்பது தடை இல்லை, சாப்பிட்டிருந்தால் போதும்.
- மது அருந்திய நிலை.
- சளி, இருமல், காய்ச்சல். எல்லாம் முழுக்க அடங்கட்டும்.
- மாதவிலக்கு நாட்கள்.

சில மாதம் போகட்டும்

கீழே உள்ள கெடு எல்லாம், நோய் என்றால் முழுக்கக் குணமான நாளிலிருந்தும் மற்றவை என்றால் அது நடந்த நாளிலிருந்தும் கணக்கு.

- தடுப்பூசி: உயிரற்ற வகை 14 நாள், உயிருள்ள வகை 28 நாள். நாய் கடித்துப் போட்ட வெறிநாய்க்கடி ஊசி என்றால் ஒரு வருஷம்.
- மலேரியா: 3 மாதம்.
- ஜிகா: 4 மாதம்.
- டெங்கு, சிக்குன்குனியா: 6 மாதம்.
- பல் பிடுங்கியது, சிறு அறுவை: 6 மாதம்.
- கருச்சிதைவு: 6 மாதம்.
- பிரசவம்: 12 மாதம். அதற்குப் பிறகும் தாய்ப்பால் கொடுத்தால், நிறுத்தும் வரை.
- டைபாய்டு, தண்ணீரால் வரும் மஞ்சள்காமாலை: 12 மாதம்.
- பச்சை குத்தியது, காதோ மூக்கோ குத்தியது: 12 மாதம்.
- பெரிய அறுவை, அல்லது உங்களுக்கே ரத்தம் ஏற்றியது: 12 மாதம்.
- காசநோய்: குணமானது என்று உறுதியான பிறகு 2 வருஷம்.

ஜிகா ஏதோ தென்னமெரிக்கச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். 2021 ஜூலையில் கேரளத்தின் முதல் ஜிகா தொற்று கண்டறியப்பட்டது பாறசாலைக்காரர் ஒருவருக்கு. களியக்காவிளையிலிருந்து கூப்பிடு தூரம். கொசுவுக்குச் செக்போஸ்ட் கிடையாது.

காசநோயைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆசாரிப்பள்ளத்தை இன்றும் ‘டி.பி. ஆஸ்பத்திரி’ என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. 2001-இல் மருத்துவக் கல்லூரி வருவதற்கு முன் அந்த இடம் காசநோய் மருத்துவத்துக்கே பேர்போனது. டி.பி. வந்துபோன குடும்பத்தில், “நம்ம ரத்தம் யாருக்கும் ஆவாது” என்று ஓர் எண்ணம் ஒட்டிக்கொண்டிருக்கும். மருந்தை முழுக்கச் சாப்பிட்டுக் குணமாகி இரண்டு வருஷம் தாண்டியவரின் ரத்தம் ஆகும்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள்

சர்க்கரைக்கு மாத்திரை மட்டும் எடுப்பவர், கடந்த நான்கு வாரத்தில் மருந்தோ அளவோ மாறவில்லை, உடம்பும் நன்றாக இருக்கிறது என்றால் கொடுக்கலாம். இன்சுலின் போடுகிறவர் கொடுக்க முடியாது. பிரஷர் மாத்திரை எடுப்பவரும் அளவு கட்டுக்குள் இருந்து, அண்மையில் மருந்து மாறாமல் இருந்தால் கொடுக்கலாம். தைராய்டுக்கு மாத்திரை சாப்பிட்டு அளவு சீராக உள்ளவருக்கும் பொதுவாகத் தடை இல்லை. மாத்திரைச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். “வெள்ளை மாத்திரை, சின்னது” என்றால் எந்த மருத்துவருக்கும் புரியாது.

எப்போதும் வேண்டாம்

எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி அல்லது சி, புற்றுநோய், இதய நோய், வலிப்பு, ரத்தம் உறையாமை ஆகியவை உள்ளவர்கள் கொடுக்கக் கூடாது. சில சமயம் தடை அவர்களைக் காப்பதற்காக, சில சமயம் பெறுபவரைக் காப்பதற்காக. 2017 நெறிமுறை திருநங்கையரையும் ஓரினச் சேர்க்கை ஆண்களையும் பாலியல் தொழிலில் உள்ள பெண்களையும் மொத்தமாக விலக்குகிறது. ஆளின் அடையாளத்தைப் பார்க்காமல் தனி ஆளின் நடத்தையைக் கேட்டு முடிவெடுங்கள் என்று கோரி, இந்த விதியை எதிர்த்து 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போடப்பட்டது.

இந்தப் பிரிவில் இருப்பவருக்கும் வேலை உண்டு. முகாம் நடத்தலாம், ஆள் சேர்க்கலாம், வந்தவருக்கு மோர் எடுத்துக் கொடுக்கலாம்.

உங்கள் வாய்ச்சொல்தான் முதல் பரிசோதனை

படிவத்தில் நாற்பது கேள்விக்கு மடமடவென்று ‘இல்லை’ போட்டுக் கையெழுத்திடுகிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

எடுத்த ரத்தத்தில் எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி, சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்தையும் சோதித்தாக வேண்டும் என்பது சட்டம். ஆனால் எந்தச் சோதனைக்கும் ஒரு குருட்டுப் பருவம் உண்டு. கிருமி உடம்பில் நுழைந்து சில நாள், சில வாரம் வரை சோதனையில் தெரியாது. ரத்தத்தின் வழியே தொற்றும். அந்த இடைவெளியை அடைக்க உங்கள் உண்மையான பதிலைத் தவிர வேறு வழி இல்லை.

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தின் வழியே எச்.ஐ.வி. தொற்றியதைத் தமிழ்நாடு மறந்திருக்காது. ரத்தம் சிவகாசி அரசு ரத்த வங்கியிலிருந்து வந்தது. கொடுத்த இளைஞருக்குத் தன் நிலை தெரியாது. 2016-இல் அவர் ஒரு முகாமில் கொடுத்தபோதே தொற்று தெரியவந்தும், அந்தச் செய்தி அவரைப் போய்ச் சேரவில்லை. வெளிநாட்டு வேலைக்காக எடுத்த சோதனையில் அறிந்ததும் அவரே ரத்த வங்கிக்குச் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. அந்த மாத இறுதிக்குள் அந்த இளைஞர் உயிரோடு இல்லை. ஊர் அவர்மீது குற்றம் சுமத்தப் பார்த்தது. ஆனால் அந்தச் சங்கிலியில் தாமாக முன்வந்து உண்மை சொன்னவர் அவர்தான்.

கொடையாளர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை நான்கு:

1. படிவத்தில் வேலை செய்கிற போன் நம்பரை எழுதுங்கள். சோதனையில் ஏதாவது தெரிந்தால் அவர்கள் உங்களை அழைக்க வேண்டும். முடிவைத் தெரிவிக்கச் சம்மதம் கேட்கும் கட்டத்தில் ‘ஆம்’ போடுங்கள்.
2. கொடுத்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோ வேறு நோயோ வந்தால், சொல்ல மறந்த ஒன்று நினைவுக்கு வந்தால், உடனே ரத்த வங்கிக்கு போன் செய்யுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள்.
3. எச்.ஐ.வி. இருக்கிறதா என்று அறிவதற்காக ரத்தம் கொடுக்காதீர்கள். அதற்கு அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ இருக்கிறது. காசு கிடையாது, ரகசியம் காக்கப்படும்.
4. நண்பர்கள் கூட்டமாக வந்திருக்கும்போது ஒருவர் மட்டும் பின்வாங்கினால் என்ன நினைப்பார்களோ என்று பொய் எழுத வேண்டாம். மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். “ஹீமோகுளோபின் குறைவு” என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம். ஏன் என்று ஒருவரும் துருவ மாட்டார்கள்.

திருவனந்தபுரத்தில் கொடுக்கப் போனால் படிவம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். புரியாமல் கையெழுத்திடாதீர்கள், வாசித்துச் சொல்லக் கேளுங்கள். விதி அங்கும் இதேதான்.

அடிக்கடி வரும் மூன்று சந்தேகங்கள்

*‘சொந்தக்காரன் ரத்தம்தானே நல்லது?’* இல்லை. பெற்றோர், பிள்ளை, உடன்பிறப்பின் ரத்தத்தால் அபூர்வமாகக் கடுமையான எதிர்விளைவு வரலாம். குழந்தை பெறும் வயதில் உள்ள மனைவிக்குக் கணவரின் ரத்தத்தையும் தவிர்ப்பார்கள். அடுத்த கர்ப்பத்தில் குழந்தையைப் பாதிக்கலாம். முன்பின் தெரியாதவர் கொடுத்து, சோதித்து, அலமாரியில் தயாராக இருக்கும் ரத்தம்தான் நல்லது.

*‘எனக்கு நெகட்டிவ். எப்போது கொடுப்பது?’* நம் நாட்டில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் நெகட்டிவ். சிவப்பணு பக்குவமாக வைத்தால் 42 நாள்வரை தாங்கும், அதற்குமேல் தாங்காது. அதனால் முகாம் தோறும் ஓடாமல், ரத்த வங்கியில் பெயரைப் பதிந்துவிட்டு அழைப்புக்குக் காத்திருங்கள்.

*‘டெங்குவுக்குத் தட்டணு கொடுக்கிறது வேறயா?’* ஆம். இயந்திரம் தட்டணுக்களை மட்டும் பிரித்தெடுத்து மீதியை உங்களுக்கே திருப்பி ஏற்றும். வயது 18 – 60, எடை 50 கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கடந்த மூன்று நாளில் ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக் கூடாது. ஒரு மணி நேரம் முன்பின் ஆகும். தட்டணு ஐந்து நாள்தான் தாங்கும் என்பதால் இதற்கும் அழைப்பு வரும்போது போவதே நல்லது.

இன்னொன்று. யாராவது காசு தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்புக்குப் பிறகு, 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பது இந்தியாவில் தடை. காசுக்காக வருகிறவர் நோயை மறைப்பார் என்பதே அதற்குக் காரணம்.

போகும் நாளில்

முந்தின ராத்திரி நன்றாக உறங்குங்கள். காலையில் இட்லியோ புட்டோ வயிறாரச் சாப்பிடுங்கள். ஊசிக்கு முன் அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள். ஊசி பார்க்கப் பயமாகத்தான் இருக்கும், பார்க்காதீர்கள். பத்து நிமிடத்துக்குள் பை நிறைந்துவிடும். எழுந்ததும் ஓடாமல் கால் மணி நேரம் உட்கார்ந்து, கொடுக்கிற ஜூஸைக் குடியுங்கள். தலை சுற்றினால் கௌரவம் பார்க்காமல் அங்கேயே படுத்துக் காலை உயர்த்திக்கொள்ளுங்கள். அந்தக் கையால் அன்றைக்குத் தண்ணீர்க்குடம் தூக்க வேண்டாம். நீர்ச்சத்து ஓரிரு நாளில் திரும்பிவிடும். சிவப்பணுக்கள் சில வாரம் எடுக்கும். இரும்பு அதைவிட மெதுவாகத்தான் சேரும். மூன்று, நான்கு மாதக் கெடு அதற்குத்தான்.

நம் முகாம்களில் பாதி பாரம் கல்லூரிப் பிள்ளைகள் தலையில். ஏப்ரல், மே மாதங்களில் அவர்கள் ஊருக்குப் போனதும் அலமாரி காலியாகும். விபத்தும் பிரசவமும் லீவு எடுப்பதில்லை. வேலைக்குப் போகிற நீங்கள் அந்த இரண்டு மாதத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள்.

கடைசியாக, எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒரு கேள்வியைக் கேட்காமல் அங்கிருந்து வராதீர்கள்: “அடுத்து எப்பம் வரணும்?” சொல்லும் தேதியை வீட்டு நாட்காட்டியில், பால் கணக்கும் கேஸ் வந்த நாளும் எழுதுகிற இடத்திலேயே எழுதிவையுங்கள்.